ஸ்பேனர் நெற்றியில் திருநீறு

அந்தக் காலத்தில் நண்டும் கொக்கும் பேசின. அவை மட்டுமா, இரும்பும் பேசியது. கடப்பாரையைத் தூக்கினால் ஒரு முறை இருமிவிட்டுத்தான் எழுந்திருக்கும். ஸ்பேனரைத் தொட்டால் "நான் பன்னிரண்டு", "நான் பதினான்கு" என்று தன் அளவைத் தானே சொல்லும். யாரும் எதையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனால் யாருடைய விரலும் அளவு பழகவும் இல்லை.

கரும்பாறைக் கண்மாயின் மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி வேலை இருளப்பனுடையது. மதகுப் பலகையை ஒரே ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருந்தது. அதைக் கழற்றினால் பலகை மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் போகும். கழற்றாவிட்டால் ஐப்பசி மழைக்குக் கரை தாங்காது. கரைக்கு நேர் கீழே அவன் குடிசை. அதில் மனைவி குருவம்மாளும் ஐந்து வயது மகள் மயிலாயியும் இருந்தார்கள்.

அந்த வருஷம் மயிலாயிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாகப் பிள்ளைக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கட்டிலுக்கடியில் பையில் கிடந்த ஸ்பேனர்கள் ஆரம்பித்துவிடும். பதினேழைப் பார்த்துப் பத்தொன்பது, "உன் வாய்க்குள்ள ஒரு புளியங்கொட்டை நுழையுமாடா?" என்று கேட்கும். "வாய் பெருசா இருந்து என்ன, கவ்வத் தெரியணும்" என்று பதினேழு திருப்பிக் கொடுக்கும். பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அழும்.

குருவம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்தாள். சாக்குக்குள்ளிருந்தும் பேசின. நான்காம் நாள் மத்தியானம் அவளுக்குப் பொறுமை போயிற்று. பையை இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் வைத்தாள்.

"எம்பிள்ள தலைமேல சத்தியம் பண்ணுங்க. இனிமே ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. நானே கேட்டாலும் சரி, அவரே கேட்டாலும் சரி."

பெற்றவளுக்கு அந்த நேரத்தில் அப்படித்தான் சொல்ல வரும். பின்னால் என்ன வரும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

பதினேழு சொன்னது: "சரி தாயி. ஆனா எங்க அளவை எங்க மேலயே வெட்டச் சொல்லு. கொஞ்சம் பெருசா." அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. ஒவ்வொன்றும் தன் குளிர்ந்த முனையைப் பிள்ளையின் கொதிக்கிற நெற்றியில் வைத்துச் சத்தியம் செய்தது. அன்று சாயங்காலமே மயிலாயி வேர்த்துத் தூங்கினாள்.

இருளப்பன் உளியை எடுத்து எண்களை வெட்டினான். வாயில்லாத ஜீவனாகிவிட்டதே, வலித்தால் எப்படிச் சொல்லும் என்று பயந்து பயந்து, எறும்பு அளவுக்கு வெட்டினான். வலிக்கவில்லை, இன்னும் ஆழமாக வெட்டு என்று அவற்றால் சொல்ல முடியவில்லை. பத்தே நாளில் பள்ளத்தில் மசகும் மண்ணும் ஏறி, கறுப்பின் மேல் கறுப்பாகிவிட்டது. குருவம்மாள் துணியால் துடைப்பாள், வெயிலில் சாய்த்துப் பார்ப்பாள், ஒன்றும் தெரியவில்லையே, ஒரு நாளைக்கு மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று புலம்புவாள். இருக்கிறது ஒரே நட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்பான் அவன். அவளும் விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

மழை பிடித்தது. மூன்றாம் நாள் பகலே இருண்டு கிடந்தது. கரையிலிருந்த நண்டு வெளியே வந்து, "என் வளைக்குள்ள தண்ணி வந்துருச்சு. மதகைத் திற" என்றது. இருளப்பன் மார்பளவு தண்ணீரில் இறங்கினான். நட்டு பதினேழுக்கானது. இடது கையில் ஒரு ஸ்பேனர், வலது கையில் ஒரு ஸ்பேனர். துடைத்தான், கண்ணருகே கொண்டுபோனான். மழையில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

"உங்கள்ல பதினேழு யாருய்யா? ஒரு தடவை சொல்லுங்க. எம்பிள்ள கீழ இருக்குதுய்யா."

இரண்டுக்கும் கேட்டது. வாய் திறந்தால் சத்தியம் மயிலாயியின் தலையில் விழும். இடது கையில் இருந்த பதினேழு நடுங்கியது. குளிரில் தன் கைதான் நடுங்குகிறது என்று அவன் நினைத்தான்.

வலது கையில் இருந்த பத்தொன்பதை நட்டில் மாட்டினான். உட்கார்ந்தது மாதிரிதான் இருந்தது. உயிரைக் கொடுத்து இழுத்தான். வழுக்கியது. மறுபடியும் இழுத்தான். நட்டின் மூலைகள் எல்லாம் மழுங்கி, அது பூந்திக்கொட்டை மாதிரி உருண்டுவிட்டது. அதற்குப் பிறகு பதினேழை மாட்டினான். கவ்வத் தெரிந்ததுதான், கவ்வுவதற்கு மூலை இல்லை.

"எழுதுனவனுக்கே வாசிக்கத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு நண்டு ஒதுங்கிப் போயிற்று.

குடிசைக்கு நேர் மேலேதான் கரை உடைந்தது. குருவம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு கருவேல மரத்தைப் பிடித்தாள். மரம் கையில் இருந்தது. பிள்ளை கையில் இல்லை.

தண்ணீர் வடிந்தது. கண்மாய்க்குள்ளேயே எறிந்துவிடலாம் என்று இருளப்பன் அந்த இரண்டு ஸ்பேனர்களையும் எடுத்துப் போனான். குருவம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரம். தினமும் அந்த நேரத்தில் பிள்ளைக்குத் திருநீறு பூசிய பழக்கத்தில் அவள் கை இடுப்புச் சுருக்குப்பைக்குள் போயிற்று. உள்ளே திருநீறு நனைந்து குழைந்திருந்தது. விரலில் எடுத்துவிட்டாள். பூச நெற்றி இல்லை. அந்த நெற்றியைத் தொட்டுச் சத்தியம் செய்த இரும்புக்குப் பூசினாள்.

காய்ந்ததும் முந்தானையால் துடைத்தாள். மேலே இருந்ததெல்லாம் போயிற்று. வெட்டின பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது, பால் பல் மாதிரி. எட்டி நின்ற இருளப்பன் அங்கிருந்தே வாசித்தான்.

"பதினேழு."

குருவம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதானாங்க?" என்று கேட்டாள்.

பேசுங்கள், இனிமேல் பேசினால்தான் என்ன என்று ஸ்பேனர்களிடம் அவள் மன்றாடினாள். எந்தத் தலைமேல் சத்தியமோ அந்தத் தலைதான் விடுவிக்க வேண்டும்; அது இல்லை. அவை பேசவில்லை.

அன்று முதல்தான் ஆயுத பூசையன்று ஸ்பேனருக்குத் திருநீறு பூசித் துடைக்கிறார்கள், பட்டறையில் எண் மங்கினால் சாக்கட்டியைத் தேய்க்கிறார்கள். பதினேழை எடுக்கிறவர், இரும்பு சொல்லாது என்று தெரிந்து, "பதினேழு" என்று தன் வாயால் ஒரு முறை சொல்லிக்கொள்கிறார்.