ஆரஞ்சு மரத்தின் ஐந்து பாலங்கள்

அன்று காலை அந்த ஆரஞ்சு மரத்தில் இருந்தவர்கள் இவர்கள்: அரசி முசுறு ஒருத்தி, வேலைக்கார முசுறுகள் அறுநூறு, இலைத் தொட்டில்களில் குழந்தைகள் நூற்றுப் பத்து, கறவை மாடு போல வளர்த்த அசுவினிப் பூச்சிகள் எண்பது. மூங்கில் பாலத்தின் மறுமுனையில் ஒரு வண்டு நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முசுறுகள் என்பவை இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகள். இவை சீன தேசத்தின் தெற்கே, ஆற்றங்கரைத் தோப்பு ஒன்றில் வாழ்ந்தன. அசுவினிகள் தரும் இனிப்புப் பால்தான் அவர்களுடைய செல்வம். அதை வாங்க ஆற்றுக்கு அப்பாலிருந்து வண்டுகள் வரும். வெளியாருக்கு அந்த ஒரு பாலம்தான் வழி. வேறு எங்கே இறங்கினாலும் கடி விழும். பாலுக்கு விலை புல் விதை. வேறு எதையும் முசுறுகள் வாங்குவதில்லை.

பாலத்துக்குக் காவல் கூர்மூக்கி. அவளிடம் மினுக்கன் என்ற அந்த வண்டு அலுத்துக்கொண்டான்.

"என்னம்மா இது? ஓட்டுக்குப் பூசும் மெருகு வேண்டாம் என்கிறாய். இறகு வேண்டாம் என்கிறாய். விதை, விதை என்றால் நான் எங்கே போவேன்?"

"விதை இல்லையென்றால் பால் குடிக்காமல் இருங்கள் அண்ணே. யாரும் செத்துவிட மாட்டார்கள்."

"எங்கள் ஊரில் பொழுது விடிந்தால் எல்லோரும் இந்தப் பாலைத்தான் கேட்கிறார்கள்."

"அது உங்கள் ஊர்க் கவலை."

மினுக்கன் சிரித்துக்கொண்டே போனான். மறுநாள் காலில் பிசின் உருண்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தான். மயக்கம் தரும் பிசின் அது. பால் சுமந்து வந்த செம்பியைப் பாலத்துக்கு அடியில் பிடித்தான். செம்பி கூர்மூக்கியின் தங்கை.

"நக்கிப் பார் தங்கச்சி. விலையா கேட்டேன்?"

செம்பி நக்கினாள். கால்வலி பறந்துவிட்டது.

முசுறுகளுக்கு வயிறு இரண்டு. ஒன்று தனக்கு, மற்றது ஊருக்கு. வெளியே குடித்ததை ஊர் வயிற்றில் வைத்திருந்து, கேட்பவருக்கு வாயோடு வாய் வைத்து ஊட்ட வேண்டும். இல்லை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. எத்தனையோ கோடைகளில் அந்த வழக்கம்தான் மரத்தைக் காப்பாற்றியது. மினுக்கனுக்கு இது தெரியும். அதனால்தான் ஒருத்திக்கு மட்டும் கொடுத்தான்.

பொழுது சாயும் முன்பே மரம் முழுவதும் பிசின் ருசி கண்டுவிட்டது. நாற்றம் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் கூர்மூக்கியும் இன்னும் சிலரும்தான்.

பிறகு பிசின் சும்மா கிடைக்கவில்லை. உள்ளே வந்த விதைகளெல்லாம் வந்த பாலத்தின் வழியாகவே வெளியே போயின. தாதிகள் தொட்டிலருகில் தூங்கி வழிந்தார்கள். குழந்தைகள் வாயைத் திறந்தபடியே கிடந்தன. கூர்மூக்கி தொட்டில்களை எண்ணினாள். எண்ணிவிட்டு அரசியிடம் ஓடினாள்.

"நூற்றுப் பத்து, தொண்ணூற்றாறு ஆகிவிட்டது தாயே."

அரசி எழுந்து வந்து காலித் தொட்டில்களைத் தொட்டுப் பார்த்தாள். "நிறுத்து. எப்படியாவது நிறுத்து" என்றாள்.

கூர்மூக்கி துணைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பாலத்தில் குவிந்திருந்த உருண்டைகளை எல்லாம் ஆற்றில் தள்ளினாள். மினுக்கன் ஓடிவந்தான்.

"ஐயோ, அது என் சரக்கு!"

"இதை உங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டுவீர்களா அண்ணே?"

"பிள்ளை வேறு, வியாபாரம் வேறு."

"அப்படியென்றால் இது ஆற்றுக்குத்தான்" என்று கடைசி உருண்டையையும் தள்ளினாள்.

சில நாளில் மினுக்கன் வெடிவண்டுகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்புறத்தைத் திருப்பினால் கொதிக்கும் நீரைப் பீச்சி அடிக்கும் வண்டுகள் அவை. முசுறுகளின் கடி அந்த ஓட்டில் ஏறவில்லை. எழுந்து நின்று சண்டை போட வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. சண்டை சீக்கிரமே முடிந்தது.

மினுக்கன் அரசியின் எதிரே வந்து நின்றான்.

"ஆற்றில் போட்ட சரக்குக்கு விதை தர வேண்டும். சண்டையில் எங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கும் தர வேண்டும்."

"எங்கள் மேல் வெந்நீர் ஊற்றிய சிரமத்துக்கா?" என்றாள் கூர்மூக்கி.

"ஆமாம். அதைக் கொதிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அப்புறம், ஒரு பாலம் போதாது. ஐந்து வேண்டும். ஆற்றுப் பக்கம் நீட்டியிருக்கும் கிளை இனி எங்களுடையது."

அரசி தலையாட்டினாள். கோபத்தை எல்லாம் கூர்மூக்கியின் மேல் கொட்டினாள். "நீ அதை ஆற்றில் தள்ளாவிட்டால் இவ்வளவும் வந்திருக்குமா? பட்ட கிளைக்குப் போ. என் கண்ணில் படாதே."

கூர்மூக்கி இலை உதிர்ந்த அந்தக் கிளைக்குப் போனாள்.

இப்போது பிசின் ஐந்து பாலங்கள் வழியாக வந்தது. சில முசுறுகள் வண்டுகளைப் போலவே அசைந்து அசைந்து நடக்கப் பழகின. "நமக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்" என்று தங்களைத் தாங்களே மட்டம் தட்டிக்கொண்டன. தொட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

ஒரு நாள் பட்ட கிளைக்குச் செம்பி வந்தாள்.

"அக்கா, இன்றைக்கு ஒரு குழந்தை என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. என் ஊர் வயிற்றில் பிசினைத் தவிர ஒன்றும் இல்லை. அதையே ஊட்டப் போனேன். நாற்றம் பட்டதும் குழந்தை வாயை மூடிக்கொண்டது."

கூர்மூக்கி அவளை உட்கார வைத்தாள்.

"பாலங்களை இன்றைக்கு நம்மால் அறுக்க முடியாது. அறுத்தால் வெந்நீர் வரும். ஆனால் இந்த வாய் நம்முடையது. இங்கேயே இரு. யாரிடமும் வாங்காதே, யாருக்கும் கொடுக்காதே."

"செத்துப் போவேன் அக்கா."

"மாட்டாய். நான் உன் காலைப் பிடித்துக்கொள்கிறேன்."

செம்பி கத்தினாள், அக்காவைக் கடித்தாள், கெஞ்சினாள். கூர்மூக்கி பிடியை விடவில்லை. மயக்கம் தெளிந்ததும் செம்பி நேரே அசுவினிகளிடம் போய்ப் பால் குடித்து, அந்தக் குழந்தைக்குத்தான் முதலில் ஊட்டினாள். அது மடமடவென்று குடித்தது. அதைப் பார்த்த இரண்டு தாதிகள் அவள் பின்னாலேயே பட்ட கிளைக்கு வந்தார்கள்.

கிளை நிரம்பியது. வந்தவர்களை யாரும் திட்டவில்லை. ஒவ்வொருத்திக்கும் இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். மரத்தில் ஒரு புது வழக்கம் பிறந்தது: வாயோடு வாய் வைக்கும் முன் முகர்ந்து பார்ப்பது. பிசின் நாறினால் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை.

மினுக்கன் ஐந்து பாலங்களுக்கும் மாறி மாறி ஓடினான்.

"என்னம்மா, இன்றைக்கும் யாரும் வரவில்லையா?"

"வர மாட்டார்கள் அண்ணே. வெயிலில் உங்கள் சரக்குதான் உருகும். எடுத்துக்கொண்டு போங்கள்" என்றாள் செம்பி.

விற்காத சரக்கை எத்தனை நாள் சுமப்பான்? அவன் வருவது நின்றது. ஆனாலும் மற்ற வண்டுகள் பாலங்களை விடவில்லை. அவற்றை அறுக்க நெடுங்காலம் பிடித்தது. பாட்டிமார் கடிக்கத் தொடங்கிய மூங்கிலைப் பேத்திகள் கடித்து முடித்தார்கள். ஆற்றுப் பக்கத்துக் கிளை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திரும்பி வந்தது.

பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. போன மழையில் தட்டான் ஒன்று ஒதுங்க வந்தது. அதைக் காவல்காரி ஒருத்தி நிறுத்தி, ஒவ்வொரு காலாக முகர்ந்தாள்.

"நனைகிறேன் தாயே. என்னிடம் என்ன இருக்கப் போகிறது?"

"ஒன்றும் இருக்காது என்று எனக்கும் தெரியும். அந்தக் காலையும் நீட்டு."

பிறகு அவளே இலையைத் தூக்கிப் பிடித்துத் தட்டானுக்கு இடம் கொடுத்தாள்.

வாசலை மற்றவர்கள் பலத்தால் திறந்துவிடலாம். ஆனால் தன் வாயை மூடத் தெரிந்து, விழுந்தவரின் காலைப் பிடித்துக்கொள்ளவும் தெரிந்த ஊரை யாராலும் அழிக்க முடியாது. அன்று தொட்டில்களில் இருந்த நூற்றுப் பத்துக் குழந்தைகளில் பிழைத்து வளர்ந்து, மறுபடி மரம் நிறையக் குழந்தைகளை வளர்த்தவர்கள் நாற்பத்தொருவர்.