அலையோடு இறங்கிய ஆக்சிஜன்

பல வருஷம் கழித்து ஆவுடையப்பன் அந்த ஆய்வுக்கூடத்துப் படியேறினான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தான் என்று கேட்காதீர்கள். அதை அவனே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் வந்தான்.

அங்கே குரு செண்பகவல்லி அம்மாள். மலையிலும் புயலிலும் கிளம்பும் காற்றலைகள் மேலே ஏறிப்போய், வளிமண்டலத்தின் நடு அடுக்கில் வாயுக்களை எப்படி இடம் மாற்றுகின்றன என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஆவுடைக்கு அதை ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கற்றுக்கொண்டவன் என்ன செய்தான்? பெரிய பேர் கிடைக்கும் என்று தலைநகரத்து இயக்குநர் ஒருவரிடம் ஓடினான். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். "அலை காற்றை ஆட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே விட்டுவிடும், எதையும் கடத்தாது" என்று கட்டுரை எழுதினான். அதைக் காட்டியே அம்மாளின் திட்டத்தை இழுத்து மூடினார்கள். கூட இருந்தவர்கள் திசைக்கொருவராய்ப் போனார்கள்.

பிறகு செயற்கைக்கோள் அனுப்பிய அளவுகள் வந்தன. கட்டுரை பொய் என்று ஆயிற்று. இயக்குநர் கையைக் கழுவிவிட்டார், பழியெல்லாம் இவன் தலையில். இனி எங்கே போவான், பாவி!

அம்மாள் கணினி முன்னால் தனியாக இருந்தார். "வா" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு எங்கேன்னு இன்னும் புரியலம்மா. கணக்கு ஒரு இடத்துலயும் பிசகல."

"உன் மாதிரியைக் கணினியில ஓட்டிக் காட்டு."

நின்றபடியே ஓட்டினான். திரையில் அலை வந்தது. காற்று கீழே இறங்கி மேலே ஏறியது. ஆக்சிஜன் அணுக்களைக் காட்டும் கோடும் கூடவே இறங்கி, ஏறி, பழைய இடத்தில் நின்றது.

"பாருங்க, ஒண்ணும் நகரல."

"வேதிவினையை நிறுத்தி வச்சுத்தானே ஓட்டுறே?"

"அதைச் சேர்த்தா ரொம்ப நேரம் ஆகும்மா. சோதனைக்கு எல்லாரும் நிறுத்தி வச்சுத்தான் ஓட்டுவாங்க. அப்புறம் இயக்குநர் அவசரப்படுத்தினார், நான் அப்படியே..."



அம்மாள் கை நீட்டி வேதிவினையைச் சேர்த்தார். வெகுநேரம் காத்திருந்தார்கள். நாலு வசவு வைதிருந்தாலாவது தேவலை என்று இருந்தது இவனுக்கு.

மறுபடி அலை வந்தது. காற்று இறங்கியது, ஏறியது. கோடு மட்டும் முழுசாக ஏறவில்லை.

"காற்று திரும்பிடுச்சேம்மா. ஆக்சிஜன் எங்கே?"

"கீழே அடர்த்தி ஜாஸ்தி. இறங்கின அணு, போன இடத்துல கிடைச்ச ஆக்சிஜன் மூலக்கூறோட ஒட்டிக்கிட்டு ஓசோனாயிடுச்சு."

அவனுக்குச் சுருக்கென்றது. சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"என்னை மறுபடி சேர்த்துக்கோங்கம்மா. உங்ககிட்ட இருந்த அதே ஆவுடையாத்தான் வந்திருக்கேன்."

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூலையில் கிடந்த அவனுடைய பழைய நாற்காலியைக் காட்டினார்.

"இடம் காலியாத்தான் இருக்கு, உட்காரு. இங்கேருந்து போன ஆவுடைதான் இன்னும் வரல."