புகழ் மண்டபமும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

ஆறும் மலையும் இன்று இருக்கும் இடத்திலேதான் அன்றும் இருந்தன. அரசன் மட்டும் வேறு. வெகு காலத்துக்கு முந்தைய அந்த நாளில் வெண்ணிலை நாட்டைக் கனகவர்மன் ஆண்டுவந்தான். இசையிலும் மற்போரிலும் பித்துக் கொண்டவன். தானே பாடுவான், மல்லர்களோடு களத்திலும் இறங்குவான்.

இந்த இரண்டு கலைகளிலும் சிறந்தவர்களின் பெயரைத் தூண்களில் பொறிக்க அவன் ஒரு புகழ் மண்டபம் கட்டினான். பத்துத் தூண்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மீதமிருந்த இரண்டுக்கு மிருதங்க வித்துவான் அனந்தக்கூத்தரையும் மல்லன் காரியையும் அமைச்சர் ஆதிமூலர் முன்மொழிந்தார்.

பிரதானி சிங்கராயர் உடனே எழுந்தார். அமைச்சர் எதைச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது.

“ஒருமுறைகூடத் தவறாதவருக்குத்தானே தூண்? சென்ற வசந்த விழாவில் அரசர் பாடியபோது கூத்தருக்குத் தாளம் தவறியது. நானே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். காரியோ அரசரிடமே தோற்றவன். மண்ணைக் கவ்வியவனுக்கு மண்டபமா?”

சபை சிரித்தது. அரசன் மீசையைத் தடவிக்கொண்டான். அனந்தக்கூத்தர் தலை குனிந்தார். தாளம் தவறியவர் என்ற பேச்சு பரவியதிலிருந்து எந்தக் கோயிலும் அவரைக் கச்சேரிக்கு அழைப்பதில்லை. இன்று சபையும் அதையே சொல்லிவிட்டால், மிருதங்கத்தை அவர் உறையிலிருந்து எடுக்க வேண்டிய வேலையே இராது.

அந்த வசந்த விழாவில் ஆதிமூலரும் இருந்தார். தாளத்தை விட்டு ஓடியது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை அரசனிடம் சொல்லிப் பயனில்லை. அரசனே தன் காதால் கேட்க வேண்டும்.

“சிங்கராயர் சொல்வது சரிதான்,” என்றார் நிதானமாக. “தவறாத தாளம் எப்படி இருக்கும் என்று சபை கேட்கட்டும். அரசர் அன்று பாடிய பாட்டையே பாடட்டும். சிங்கராயர் கையால் தாளம் போடட்டும்.”

“போட்டால் போயிற்று,” என்றார் சிங்கராயர்.

லிங்கத்தின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும் தாராபாத்திரத்தை அமைச்சர் கோயிலிலிருந்து வரவழைத்தார். அதன் கீழே வெண்கலத் தாம்பாளம் ஒன்றை வைத்தார். ஒரு சொட்டுக்கு ஒரு கைத்தட்டு என்று முடிவாயிற்று.

அரசன் கண்ணை மூடிப் பாடினான். பல்லவியில் சொட்டும் கைத்தட்டும் சேர்ந்தே விழுந்தன. சரணத்தில் உருகிப்போன அரசன், தன்னை அறியாமல் வேகமெடுத்தான். சிங்கராயர் தாம்பாளத்தைப் பார்த்தார். அரசன் முகத்தைப் பார்த்தார். அவர் கை மெல்ல அரசனின் பாட்டுக்குப் பின்னால் போயிற்று. கைத்தட்டு ஓரிடம், சொட்டு வேறிடம் என்றானது.

அரசன் பாட்டை நிறுத்தினான். “தவறியது யார்?”

“சொட்டுதான், அரசே. பாத்திரத்தில் ஏதோ கோளாறு.”

அரசன் சொட்டுகளை விரலால் எண்ணினான். பதினாறு. முப்பத்திரண்டு. ஒன்றும் முந்தவில்லை, ஒன்றும் பிந்தவில்லை.

“கூத்தரே, அன்று நீர் ஏன் தாளத்தை விட்டீர்?”

“பாடுகிறவரை நடுவழியில் தனியே விட மனம் வரவில்லை, அரசே.”

அரசன் காரியின் பக்கம் திரும்பினான். “நீ?”

காரி தரையைப் பார்த்துச் சொன்னான்: “தாங்கள் முடிசூடிய ஒன்பதாம் நாள் அது. தாங்கள் விழுவதைப் பார்க்க அயல்நாட்டுத் தூதர்கள் காத்திருந்தார்கள்.”

அரசன் தாம்பாளத்தை ஒருமுறை பார்த்தான்.

“சிங்கராயரே, நீரும் என் பின்னால்தான் வந்தீர்,” என்றான். “ஆனால் இவர்கள் பழியைத் தாங்களே சுமந்தார்கள். நீர் அதைத் தண்ணீரின் மேல் போட்டீர்.”

இரண்டு தூண்களிலும் பெயர்கள் ஏறின. பெயருக்குக் கீழே ஒரு வரியும் ஏறியது: ‘ஒரே ஒருமுறை தவறினார். அந்தத் தவறு அரசனுடையது.’ வருகிறவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டும் பொறுப்பு சிங்கராயருக்கு.

மண்டபத்துக்கு முதலில் வந்தவர்கள் கோயில்காரர்கள். திருவிழாக் கச்சேரிக்கு யாரை அழைக்கலாம் என்று தூண் தூணாகப் பார்த்துவந்தார்கள். அனந்தக்கூத்தரின் தூணருகே சிங்கராயர் வாசித்தார். கடைசிச் சொல்லில் அவர் குரல் தணிந்தது.

“உரக்க,” என்றான் பின்னால் நின்ற அரசன்.