குறை சொல்லி விற்ற மரநாய்

காட்டாற்றின் வளைவில், ஒரு பெரிய பாறை இடுக்கில், ஒண்டியன் என்ற மரநாய் கள் கடை வைத்திருந்தான். கடை என்றால் ஆறு மண்பானைகள்தான். விடியும்போது உதிரும் இலுப்பைப் பூவை அவனே போய்ப் பொறுக்குவான். நசுங்கிய பூ வேண்டாம், எறும்பு மொய்த்த பூ வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுப்பான். ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, பானை வாயில் இலையைக் கட்டி, ஐந்து நாள் காத்திருப்பான். குடிக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி ஈச்சம்பழமோ ஒரு கிழங்கோ கொண்டுவந்து போடுவார்கள்.

ஒண்டியனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பானையைத் திறந்தாலும் முதல் வாய் அவன்தான் குடிப்பான். குடித்துவிட்டு அதில் என்ன குறை என்று காட்டுக்கே கேட்கும்படி கத்துவான்.

"மூணாம் பானை புளிச்சுப்போச்சு! வயிறு சரியில்லாதவங்க தொடாதீங்க!"

"இது கலங்கலா இருக்கு! சரியா வடிகட்டலை, என் தப்புதான்!"

"இதைக் கீழே கொட்டப்போறேன்! யாரும் கேக்காதீங்க!"

முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி விழுந்து விழுந்து சிரிப்பான். ஒண்டியனுக்கு அவன் நெடுநாள் சிநேகிதன். "ஏண்டா ஒண்டியா, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எங்க பொண்ணு குறட்டை விடும்னு சொல்ற மாதிரி இருக்குடா உன் யாவாரம்!" என்பான். ஆனால் ஒண்டியன் நல்லது என்று சொல்லாத பானையில் அவன் தொன்னையை நனைத்ததே இல்லை.

அந்த வருஷம் அக்கரையில் ஒரு காட்டுப்பன்றி கடை போட்டது. கிடைத்த பழத்தையெல்லாம் சேற்றுக் குழியில் கொட்டியது. கொட்டியதை மூக்காலேயே கலக்கியது. "மூதாதையர் முறையில் மூக்குக் கலக்கல்! வேறு எங்கும் கிடைக்காது!" என்று கூவியது.

காடே அக்கரைக்கு ஓடியது.

ஒண்டியன் கடையில் முள்ளாண்டி மட்டும் உட்கார்ந்திருந்தான். ஆறு பானையும் குறையாமல் நின்றன. ஒண்டியனுக்கு வயிறு எரிந்தது. "சேத்தைக் குடிக்கிறானுங்கடா! சேத்தைக் குடிச்சுட்டு சப்புக் கொட்டுறானுங்க! நான் குனிஞ்சு குனிஞ்சு பூப் பொறுக்கினது யாருக்காக?" என்று கத்தினான்.

"நான் ஒருத்தன் இருக்கேன்ல?" என்றான் முள்ளாண்டி.

"நீ ஒருத்தன் ஆறு பானை குடிப்பியா?"

"முயற்சி பண்றேன்!"

ஒண்டியன் சிரிக்கவில்லை. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அந்த நேரத்தில்தான் சலங்கை வந்தாள். சலங்கை ஒரு மைனா. ஊர்ப்பக்கம் ஒரு டீக்கடைக் கூரையில் பிறந்து வளர்ந்தவள். பஸ் ஸ்டாண்டில் கூவி விற்கிறவர்களின் குரலெல்லாம் அவள் தொண்டையில் இருந்தது.

"அண்ணாச்சி, உங்க சரக்கு தங்கம். உங்க வாய்தான் அதைக் கெடுக்குது!" என்றாள்.

"உள்ளதைத்தானே சொல்றேன்?"

"உள்ளதை யாரு கேட்டா? புளிச்சுப்போச்சுன்னு ஏன் சொல்றீங்க? 'ஏழாம் இடி'ன்னு பேர் வைங்க! கலங்கலா இருக்கா? 'மூடுபனி'! அடியில மக்கின வாசனை வருதா? 'கிறுக்குக் கரடி'! சரி, தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?"

"இந்த ஆத்துலதான். மேலே எருமை குளிக்கும்."

"மலையுச்சி அருவித் தண்ணி! தொழிலை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யாருகிட்டயும் இல்லை. பாறைக் குழியில பூ ஊறிக்கிடந்துச்சு. நக்கிப் பார்த்தேன்."

"ஏழு தலைமுறை ரகசியம்!"

ஒண்டியன் சீறினான். "எங்கப்பன் எலி பிடிச்சுத் தின்னவன்! கள்ளுன்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது!"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குடிக்கிறவனுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

அக்கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஒண்டியன் அந்தப் பக்கம் பார்த்தான். நிறைந்து நின்ற ஆறு பானைகளையும் பார்த்தான். "பொய்யை நான் என் வாயால சொல்ல மாட்டேன்" என்றான்.

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம்! சும்மா முறைச்சுக்கிட்டு உக்காருங்க. பெரிய கலைஞன்னு நினைச்சுக்குவாங்க!"

அப்படியே நடந்தது. சலங்கை மரத்துக்கு மரம் பறந்து கூவினாள். நான்கே நாளில் பாறை இடுக்கில் கால் வைக்க இடமில்லை. முயல்கள் வந்தன, குரங்குகள் வந்தன, பகலில் வெளியே வராத ஆந்தைகூட வந்தது. எல்லாரும் தொன்னையை உயர்த்திப் பிடித்து, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசினார்கள்.

"நாக்குக்குப் பின்னால ஈர மண் வாசனை வருது, கவனிச்சீங்களா?" என்றது ஒரு முயல்.

"அது அருவி. அருவி பேசுது!" என்றது ஒரு குரங்கு.

அது அருவியல்ல, எருமை. ஒண்டியனுக்குத் தெரியும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி முகத்தைப் பாருங்க, என்ன ஒரு கோபம்! ஏழு தலைமுறைக் கோபம்!" என்று கூட்டம் வியந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒண்டியன் அந்த முயலிடம் சொல்லிவிட்டான். "அது புளிச்சுப்போனது. நேத்தே கொட்டியிருக்கணும்."

"ஆமா, புளிப்பு பிரமாதம்! எத்தனை நாள் யோசிச்சுப் பண்ணினீங்க?" என்றது முயல்.

ஒண்டியன் வாயை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து முதல் வாய் குடிப்பதோடு சரி. குறையைச் சொல்வதை விட்டுவிட்டான். "பொய் சொல்வது நானா? மைனாதானே சொல்கிறாள்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். பானை யாருடையது என்ற இன்னொரு கேள்வியும் உள்ளே எழுந்தது. அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததற்காக அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை அடுத்த நாள் ஈச்சம்பழம் குறைவாகக் கொண்டுவந்த ஒரு கீரிமேல் காட்டினான். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

முள்ளாண்டி மட்டும் ஒருமுறை கேட்டான். "ஏழு தலைமுறையா? உங்கப்பனை எனக்குத் தெரியாதாடா?"

"பேசாம குடி!" என்றான் ஒண்டியன்.

"எதைக் குடிக்கிறது? எது நல்ல பானைன்னு நீதான் இப்ப சொல்றதே இல்லையே!"

ஒண்டியன் திரும்பிக்கொண்டான். முள்ளாண்டி கைக்கு எட்டிய பானையில் தொன்னையை விட்டான்.

சலங்கைக்கு ஆசை பெருகியது. புதிதாக ஒன்று வேண்டும் என்றாள். ஆறாம் பானையைத் தனியே எடுத்து வைத்து, அதன் வாயைச் சுற்றி நீளமான வெள்ளைப் பூக்களைச் செருகி, திறப்பு நாள்வரை யாரும் பார்க்காதபடி மேலே இலைகளைப் போட்டு மறைத்தாள். அப்போது ஒண்டியன் பூப் பொறுக்கப் போயிருந்தான். "ஐந்தாம் நாள் மாலை திறப்பு! இதுவரை யாரும் குடிக்காத கசப்பு!" என்று காடு முழுக்கக் கூவினாள். கசப்பு என்று அவள் சும்மா சொன்னாள். இனிப்பு, புளிப்பு எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்.

ஐந்தாம் நாள் மாலை கூட்டம் நெருக்கித் தள்ளியது. அந்த நெருக்கடியில் ஒண்டியன் பூக்களைக் கவனிக்காமல் பானையைத் திறந்து முதல் வாய் எடுத்தான். நாக்கில் பட்டவுடன் தொண்டை வறண்டது. தூவென்று துப்பினான். பானைக்குள் எட்டிப் பார்த்தான். செருகிய பூக்களில் பாதி வாடி உள்ளே விழுந்து, ஊறி, நைந்து கிடந்தன. விழாமல் இருந்த ஒன்றைப் பிடுங்கி முகர்ந்தான்.

"யாருடி இதை வெச்சது?"

"நான்தான் அண்ணாச்சி! அழகா இல்லை? எங்க டீக்கடைக்குப் பின்னாடி குப்பைமேட்டுல நிறைய..."

"இது ஊமத்தை! விஷம்டி! ஆளைக் கொன்னுடும்!"

ஒண்டியன் பாறைமேல் ஏறினான். "யாரும் தொடாதீங்க! இதுல விஷம் விழுந்திருக்கு! குடிச்சா செத்துப்போவீங்க!"

அடுத்த நொடி கூட்டம் ஆர்ப்பரித்தது.

"ஆகா! 'குடிச்சா செத்துப்போவீங்க'! பேர்னா இதுதான் பேர்!"

"எனக்கு முதல் தொன்னை!"

"எனக்கு ரெண்டு!"

"பேரில்லைடா முட்டாள்களா! நிஜமாவே விஷம்!" என்று கதறினான் ஒண்டியன்.

"அந்தக் கோபத்தைப் பாருங்க!" என்று முயல் புல்லரித்துப்போய்ச் சொன்னது.

சலங்கை தலைக்குமேல் பறந்து பறந்து கத்தினாள். "நிஜம்! நிஜம்! சத்தியமா விஷம்!" அவள் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது.

ஒண்டியன் கூட்டத்தை இடித்துக்கொண்டு கீழே பாய்ந்தான். அதற்குள் பானை ஓரத்தில் முள்ளாண்டி நின்றிருந்தான். அவன் கையில் தொன்னை நிறைந்திருந்தது.

"டேய், நீயாவது கேளு! கீழே போடு!"

முள்ளாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "என்கிட்டயுமாடா நடிப்பு? உங்கப்பன் எலி பிடிச்சது எனக்குத் தெரியும். ஏழு தலைமுறைன்னு கூவினப்ப நீ சும்மாதானே இருந்தே? இப்ப மட்டும் எதுக்கு நான் நம்பணும்?" என்று சொல்லி, ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

ஒண்டியன் பானையைத் தோளால் முட்டிச் சாய்த்தான். அது பாறையில் மோதிச் சிதறியது. வழிந்ததை நக்கப் போன முயலைக் காதைக் கடித்து இழுத்துப் போட்டான். குரங்கின் கையிலிருந்த தொன்னையைத் தட்டிவிட்டான். ஆத்திரம் அடங்கவில்லை. 'மூடுபனி'யை உடைத்தான். 'ஏழாம் இடி'யை உடைத்தான். ஒன்று மிச்சமில்லாமல் உடைத்தான்.

"பைத்தியம் பிடிச்சிருச்சு! இதுக்குத்தானா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கூட்டம் இரைந்தது.

அப்போது முள்ளாண்டி ஒரு மரத்தைப் பார்த்து, "அம்மா" என்றான். அவன் கண்மணிகள் அகன்று கரிய வட்டங்களாக நின்றன. முள்ளெல்லாம் சிலிர்த்து நடுங்கின. இரண்டு அடி நடந்து விழுந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். ஆற்றைக் கடக்கும்போது குரங்கு முயலிடம் கேட்டது, "பன்றி கடை இன்னும் திறந்திருக்குமா?" சலங்கை ஊர்ப்பக்கம் பறந்தவள் பிறகு திரும்பவேயில்லை.

மூன்று நாள் ஒண்டியன் சிநேகிதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மைனாவைத் திட்டினான், கூட்டத்தைத் திட்டினான், பன்றியைத் திட்டினான். திட்டி முடித்த பிறகும் கோபம் மிச்சமிருந்தது. அது போக வேண்டிய இடம் எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நாலாம் நாள் காலை முள்ளாண்டி கண் விழித்தான். உதடு வெடித்திருந்தது. ஒண்டியன் ஓடிப்போய்த் தொன்னையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"குடிடா. நல்ல தண்ணி."

முள்ளாண்டி தொன்னையை முகர்ந்தான். ஒண்டியன் முகத்தைப் பார்த்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு எழ முடியாத உடம்பை இழுத்து இழுத்து ஊர்ந்து, ஆற்றுக்கே போய் வாய் வைத்துக் குடித்தான்.

தன் சரக்கைப் பற்றிப் பிறர் பொய் பரப்பும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தவன், உயிர் காக்கும் உண்மையைத் தொண்டை கிழியக் கத்தினாலும் அதை நம்ப ஒருவரும் இருக்க மாட்டார்கள்.