முதலாளி மெச்சிய இன்ஜின்

ஓசூர்ப் பக்கம் சின்ன விமானம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதன் முதலாளி சோலையப்பனுக்கு எதுவும் பெரிசாக இருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் தங்கபுஷ்பமோ, இன்ஜினே இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவள். கிளைடருக்கு இருப்பதுபோல நீளமாக, ஒல்லியாக, வழவழவென்று இறக்கை வைத்து, இருக்கைக்குப் பின்னால் குட்டி இன்ஜினைப் பொருத்தி ஒரு விமானம் செய்தாள்.

"என்னம்மா, முருங்கைக்காயை ஒட்டவச்ச மாதிரி இறக்கை? அதை வெட்டு. பெரிய இன்ஜினா மாட்டு. ஆனா பெட்ரோல் பாதிதான் குடிக்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

மறுநாள் வந்து பார்த்தால் இறக்கை அப்படியே இருந்தது.

"ஒரு சுத்து வந்து பாருங்க சார். பிடிக்கலேன்னா நானே வெட்டிடுறேன்."

முதலாளி முறைத்துக்கொண்டே ஏறினார். தங்கபுஷ்பம் ஓட்டினாள். ஏரிக்கு மேலே விமானம் பருந்து மாதிரி மிதந்தது.

"பாத்தியா! அதிர்வு இல்ல, சத்தம் இல்ல. பெரிய இன்ஜின்னா சும்மாவா? எவ்வளவு பெட்ரோல் குடிக்குது?"

"ஒரு சொட்டுகூட இல்ல சார். அதே குட்டி இன்ஜின்தான். அதையும் மேலே வந்ததுமே அணைச்சுட்டேன்."

முதலாளி இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்போ நம்மள எதும்மா தூக்கிட்டிருக்கு?"

"நீங்க வெட்டச் சொன்னதுதான் சார்."

பத்திரமாக இறங்கியதும் முதலாளி அந்த இறக்கையை நுனிவரை தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இதை இன்னும் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா?"