மூன்றாம் தூணின் இடப்பக்கம்

பிற்பகல் இரண்டு மணி. கூடத்தில் முப்பத்திரண்டு பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்திரண்டாவது ஆள் இசக்கியப்பன். அவருக்கு ஒரு கண்தான் மூடியது.

வயது ஐம்பத்தொன்று. தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். காதுக்குப் பின்னால் கட்டி எடுத்தபோது முகத்தின் இடப்பக்கம் தொங்கிவிட்டது. தொட்டாலும் உணர்வு இல்லை. இடது இமை இறங்குவதில்லை. அந்தக் கண்ணுக்கு இப்போது நிழல் மட்டும்தான் தெரியும்.

இரண்டரை ஆண்டுகளாக இரவில் இமையை இழுத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுக்கிறார். கண் மூடியிருக்கும். தூக்கம் வராது.

மணி அடித்துக் கூட்டம் கலைந்ததும் டீச்சரைத் தேடிப் போனார்.

மலையடிவாரத்து மாந்தோப்புக்குள் இருந்த அந்த மடத்தை நடத்துபவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயது. முன்பு பள்ளியில் கணக்கு எடுத்தவர். அப்போது சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன் டீச்சர்."

"முப்பது நாள்னு வந்தீங்க அண்ணாச்சி. பதினொண்ணுதான் ஆச்சு."

"தூக்கம் வரும்னு வந்தேன். வரல. வீட்டுல ராத்திரி மட்டும்தான் முழிப்பு. இங்க பகல்லயும் நிம்மதி இல்ல."

"என்ன குறை?"

"காவல் நிக்கிறவங்க."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் உட்காருகிறவர்கள் ஒரு மணி நேரம் அசையக் கூடாது. அவர்களுக்காக ஒருவர் மட்டும் கண் திறந்து, கையில் ஓலை விசிறியோடு நடமாடுவார். நாளுக்கு ஒருவர் முறை.

"தினம் ஒரு ஆளு. ஆனா எல்லாரும் என் பக்கத்துலதான் வந்து நிக்காங்க. நிழல் தெரியுது. இத்தனை பேர் இருக்கையில என் மூஞ்சியில மட்டும் என்ன வேடிக்கை? ஆபீஸ்ல மேசையைச் சுவரோரம் திருப்பிப் போட்டுட்டேன். இங்க எதைத் திருப்ப?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"நன்றி சொல்ல வேண்டியதைத் தினமும் நோட்டுல எழுதச் சொன்னாரு. சோறு, தண்ணி, ஃபேன்னு நாலு நாள் எழுதினேன். அஞ்சாம் நாள் ஃபேனும் ரிப்பேர்."

டீச்சர் சிரித்துவிட்டார். இசக்கியப்பன் சிரிக்கவில்லை. சிரித்தால் வாய் இன்னும் கோணும்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். ஆணியில் தொங்கிய விசிறியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நாளைக்குக் காவல் உங்க முறை. முடிச்சிட்டுப் போங்க."

"எல்லார் முன்னாலயும் நிக்கணுமே."

"எல்லாரும் கண்ணை மூடியிருப்பாங்க."

அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

முந்தைய நாள் காவல் இருந்தவர் மறுநாள் ஆளுக்கு வேலையைச் சொல்லித் தர வேண்டும். மறுநாள் மதியம் அப்படி வந்தவர் ஆவுடையம்மாள். சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருப்பவர்.

"வாங்க காவக்காரரே. முன்வரிசைப் பெரியவர் குறட்டை விடுவாரு, கண்டுக்காதீங்க. வாசல்ல நாய் வரும், விரட்டுங்க. கடைசி வரிசை போஸ்ட்மாஸ்டர் தூங்கி விழுவாரு, தோளைப் பிடிச்சு நிமித்தி வைங்க."

"ஈ?"

"கண்ணை மூடிட்டா ஈ என்ன செஞ்சிரும்? மூணாம் தூண் பக்கம் மட்டும்தான் கஷ்டம். அசையாம நின்னு வீசணும். விட்டா நேரா கண்ணுக்குள்ள போய் உக்காந்துரும். நேத்து எனக்குக் கையே விட்டுப் போச்சு..."

நிறுத்திக்கொண்டார். மூன்றாம் தூண் இசக்கியப்பன் உட்காரும் இடம்.

"உங்க இடம்லா அது. இன்னிக்குக் காலி. நீங்க சும்மா சுத்தி வரலாம்."

"யாரு நிக்கச் சொன்னா? டீச்சரா?"

"இதைச் சொல்ல வேற செய்யணுமா? மொத நாளு பீர்முகமது நின்னாரு. மறுநாளு அடுத்த ஆளு நின்னாங்க."

"ஒரு மணி நேரம் முழுக்கவா?"

"ஈ இடையில டீ குடிக்கவா போகும்?"

சொல்லிவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மணி இரண்டு.

முப்பத்திரண்டு முகங்கள். ஒன்றும் அவரைப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் எல்லா முகங்களும் தளர்ந்தன. பெரியவரின் தாடை தொங்கியது. ஆவுடையம்மாளின் ஒரு புருவம் தனியாக ஏறி நின்றது. பீர்முகமது எதையோ மென்றார். டீச்சரின் வாய் திறந்து கடைவாயில் எச்சில் வழிந்தது. அதன் மேல் ஒரு ஈ வந்தது. இசக்கியப்பன் விசிறினார். போய்விட்டது.

நாய் வந்தது, விரட்டினார். போஸ்ட்மாஸ்டரை நிமிர்த்தினார். பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

மூன்றாம் தூணுக்குப் போனார். வெறும் பாய் கிடந்தது. அதன் இடப்பக்கம் நின்று, ஆள் இருப்பது போலவே வீசிப் பார்த்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது. கை மாற்றினார். மறுபடி வலித்தது. மூன்று மணி வரை நிறுத்தவில்லை.

மணி அடித்தது. டீச்சர் புறங்கையால் வாயைத் துடைத்தபடி வந்தார்.

"உங்க பஸ் நாலரைக்கு அண்ணாச்சி."

இசக்கியப்பன் விசிறியை ஆணியில் மாட்டினார்.

"நாளைக்குக் காவல் யாரு?"

"கிருஷ்ணம்மா."

"அவங்களுக்கு முழங்கால் வலியாச்சே. எப்படி நிப்பாங்க?"

"அவங்க முறை. அவங்க நிப்பாங்க."

இசக்கியப்பன் சமையலறைக்குள் போனார். ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் தூணின் இடப்பக்கம் போட்டு, ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

நாலரை பஸ் போய்விட்டது.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, முப்பது நாள் முடிந்து ஊர் திரும்பும்போது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இருபத்திரண்டு கிலோமீட்டர் போய்விட்டார். ஒரு கண் திறந்திருந்ததால், அவர் தூங்குகிறார் என்று நடத்துநருக்குத் தெரியவில்லை.