மீன் வேகவைத்த அஞ்சலாட்சி அம்மையார்

திருமணற்குறிச்சி மணலீசர் கோயிலில் சுவாமிக்குப் பூச்சூட்ட ஆள் உண்டு, பாட ஆள் உண்டு, குடை பிடிக்கவும் போட்டி உண்டு. எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைத் தேய்க்க மட்டும் யாரும் முன்வந்ததில்லை. அந்த வேலையை இருபத்திரண்டு வருடம் செய்தவர் அஞ்சலாட்சி அம்மையார். மடைப்பள்ளிக்குப் பின்னால் கரி படிந்த சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கருவறைத் தூண்டாவிளக்கு முதல் வாசல் அகல் வரை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். தேய்க்கும்போது பதிகம் முணுமுணுப்பார். குரல் நன்றாக இராது என்பது அவருக்கே தெரியும், அதனால் சத்தமாகப் பாட மாட்டார்.

கணவர் இறந்துபோய்விட்டார், பிள்ளையும் இல்லை. கோயில் பின்தெருவில் தகரம் போட்ட ஓர் அறையும் ஒட்டினாற்போல் ஒரு சமையற்கட்டும்தான் அவருடைய உலகம். சுவாமி விளக்கைத் தொடுகிற கை என்று அந்தக் கையால் பூண்டு உரிக்கக்கூட யோசிப்பார். அப்படிப்பட்ட சைவம்.

பூனையைக் கொன்றால் ஏழு பிறப்புக்கும் பாவம் என்று அந்த ஊரார் நம்பினார்கள். ஆகவே கொல்வதில்லை. சாக்கில் போட்டுக் கட்டி, நந்தவனத்து மதிலுக்கு மேலாக உள்ளே வீசிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படி வந்து விழுந்தவற்றில் பிழைத்த நான்கை அம்மையார் முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தார். கடுவன் ஒன்று, வால் ஒடிந்தது, அவன் கோணவாலன். செம்பட்டை நிறத்தில் ஒருத்தி, சிவப்பி. வெள்ளச்சி என்றொரு பயந்தாங்கொள்ளி. கடைசியாக, நெற்றியில் கறுப்புப் புள்ளி வைத்த குட்டி, பொட்டு.

அம்மையார் வளர்ந்த வீட்டில் அடியார் பந்தி அடிக்கடி நடக்கும். இவருக்கு ஓர் இலை, அவருக்கு ஓர் இலை என்று வித்தியாசம் பார்த்துப் பரிமாறினால் அன்னத்தை அவமதித்த மாதிரி. பந்தி வஞ்சனையைவிடப் பெரிய பாவம் அவருக்குத் தெரியாது. பூனைகளையும் அவர் அடியார்களாகவே பார்த்தார். பெரிய தாம்பாளத்தில் தயிர்சாதத்தைக் குழைத்து வைத்து நான்கையும் சுற்றி உட்கார வைப்பார். கோணவாலனுக்கு வாய் புண்ணாகி எச்சில் ஒழுகியது. அவனைத் தனியே வை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நோயாளியென்று பந்தியிலிருந்து எழுப்புவதா என்று சொல்லி அம்மையார் அதற்கு இணங்கவில்லை. வெள்ளச்சி மட்டும் கூட்டத்துக்குப் பயந்து சமையற்கட்டு மூலையிலேயே கிடந்தாள். அவளுக்கு ஒரு சிரட்டையில் போட்டு வைப்பதை, ஏதோ தவறு செய்வது போலக் கூச்சத்துடன் செய்தார்.

இரண்டு மாதத்தில் பொட்டு வெறும் எலும்பாகிவிட்டது. அம்மையார் நான்கையும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவர் ஷகிலா பானு ஒவ்வொன்றின் ஈறையும் விரலால் தூக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். மூன்றுக்கு லுக்கீமியா வைரஸ் இருந்தது. ரத்தத்தையே கெடுக்கிற கிருமி, மனிதருக்கு ஒட்டாது, பூனைக்குப் பூனை எச்சிலில் பரவும், தீர்க்க மருந்து இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். வெள்ளச்சிக்கு மட்டும் இல்லை. சாப்பாடு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மையார் தாம்பாளத்தைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார்.

மருத்துவர் பொட்டைத் தடவிக்கொடுத்தார். பிறகு, “ஒரே தட்டுல வச்சதுல பரவியிருக்கும்மா. குட்டிக்குச் சீக்கிரம் பிடிச்சிடும்,” என்றார்.

அம்மையார் கூடையைக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வஞ்சனை வேண்டாம் என்று நினைத்து எல்லாருக்கும் விஷத்தைப் பரிமாறிவிட்டேனே என்று அழுதார். அறியாமல் செய்ததுதான். ஆனாலும் குட்டிக்கு வந்த நோய் வந்ததுதான். அவருடைய பக்தியே அதைக் கொண்டுவந்தது என்று நாம் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார். பூனைக்குத் தயிர்சாதம் சாப்பாடே இல்லை, மாமிசம் இல்லாமல் அதன் உடம்பு நிற்காது. மீனும் கோழியும் மாற்றி மாற்றி நன்றாக வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்துத் தர வேண்டும். பச்சையாக எதுவும் கூடாது, காய்ச்சாத பாலும் கூடாது, இந்த உடம்பு சின்னக் கிருமியைக்கூடத் தாங்காது. மூக்கடைத்த பூனை மணம் தெரியாவிட்டால் தின்னாது, ஆகவே வெதுவெதுப்பாக, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வெளியே விடக்கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே தூக்கி வர வேண்டும்.

மறுநாள் காலை அம்மையார் கடற்கரைக்குப் போனார். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக மீன்கூடைக்கு முன்னால் நின்றார். மீன்காரி காசாம்பு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோயில் விளக்குக்கு இப்போது மீன் எண்ணெயா ஊற்றுகிறார்கள் என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மையார் விஷயத்தைச் சொன்னதும் காசாம்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, முள் குறைந்த மீனாகப் பார்த்து எடுத்துச் செதிலைச் சீவிக் கொடுத்தாள். நோயில்லாத வெள்ளச்சியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகவும் சொல்லி அன்றைக்கே வந்து வாங்கிப்போனாள். ஊரில் அந்த ஒருத்திக்காவது நெஞ்சில் ஈரம் இருந்தது.

முதல் நாள் மீன் வேகும்போது அம்மையார் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அப்புறம் பழகிக்கொண்டார். உதிர்த்து, முள் தடவி, மருத்துவர் கொடுத்த சத்துச் சொட்டைக் கலந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, விரல் நுனியில் எடுத்து வாயோரம் தடவுவார். கோயிலுக்குப் புறப்படும் முன் தலைக்கு ஊற்றிக் குளித்து, கையைப் புளியால் தேய்த்துக் கழுவுவார். அவர் சாப்பிட்டது கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் பட்டைச் சோறு மட்டும்தான். ஆனால் தெருவுக்கு மூக்கு இருக்கிறதே. திருநீறு பூசிய நெற்றியும் மீன் சட்டியுமாக நல்ல வேஷம் என்றார்கள். சாக்கைக் கட்டி வீசிய கைகள் அவரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டன.

அறங்காவலர் சட்டநாதன் ஒரு வெள்ளிக்கிழமை அவரை வசந்த மண்டபத்துக்கு அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். “சுவாமிக்கு மீன் வாடை ஆகாதும்மா. பூனையா, விளக்கா, நீங்களே சொல்லிடுங்க,” என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அம்மையார் சுவாமியிடம் கேட்டது அந்த விளக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. “விளக்கை யாரு வேணாலும் தேய்ப்பாங்கய்யா. இதுங்க வாயில ஊட்ட வேற ஆளு கிடையாது,” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சரவிளக்கைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்.

அன்றிலிருந்து மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டார். அடுத்த வாரமே பொட்டு இறந்தது. பதினெட்டு நாள் கழித்துச் சிவப்பிக்கு ஈறு வெளுத்தது, மூச்சு வாங்கியது, அவர் மடியிலேயே அடங்கிவிட்டாள். இரண்டையும் தாமே குழி வெட்டிப் புதைத்தார். சுவாமியை ஒரு வார்த்தை நொந்துகொள்ளவில்லை. அவர் நொந்துகொள்ளாததை நினைத்தால் நமக்குத்தான் வயிறு எரிகிறது.

சிவப்பி போன மறுநாள் பிரதோஷம். விசுவநாத குருக்கள் மாலையில் கருவறையைத் திறந்தார். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக வேகவைத்த மீன் மணம் வந்தது. எலி செத்திருக்கும் என்று தேடினார்கள், அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகியைக் குத்திக் கழுவினார்கள். பன்னீர், சந்தனம், சாம்பிராணி எல்லாம் ஆயிற்று. புது வேட்டி சாத்தினால் புது வேட்டியிலும் அதே மணம். மூன்று நாள் போகவில்லை. மூன்றாம் நாள், சுவாமி மேலிருந்த வெள்ளை வேட்டியில், உட்கார்ந்தவர் மடிபோலக் குழிந்த இடத்தில், செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது.

பூனை புகுந்திருக்கும் என்றார் சட்டநாதன். பூட்டியதும் திறந்ததும் நான்தான் என்றார் குருக்கள். அப்புறம் அந்த மயிரை விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: “சுவாமி எங்க போய் உட்கார்ந்துட்டு வராரோ, அந்த வாசனைதானே வரும். நாம தினம் நைவேத்தியம் காட்டறோம். அவர் இருக்கற எடம் வேற.”

சட்டநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றே இருவரும் பின்தெருவுக்கு நடந்தார்கள். அம்மையார் அறைக்குள் கோணவாலனை மடியில் கிடத்திக்கொண்டு, விரலில் எடுத்த மீனை அவன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். சட்டநாதன் வாசலில் நின்றபடியே தப்பு செய்துவிட்டதாகச் சொன்னார். கோயிலுக்கு வந்து விளக்கை எடுத்துக்கொள்ளும்படி கும்பிட்டுக் கேட்டார். அம்மையாரின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இவன் இருக்கும்வரை இடத்தைவிட்டு நகர முடியாதே ஐயா என்றார்.

இருவரும் திரும்பிப் போனார்கள். அம்மையார், போனது போனதுதான் என்று நினைத்தார். அரை மணியில் சட்டநாதன் மட்டும் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தோளில் துண்டில்லை, அது தலையில் சும்மாடாக இருந்தது. சும்மாட்டின் மேல் கூடை, கூடைக்குள் கோயில் விளக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே, கோயில் மதிலைவிட்டு வெளியே வந்தே அறியாத கருவறைத் தூண்டாவிளக்கு. மாற்று அகலை உள்ளே ஏற்றிவைத்துவிட்டு அதைக் குருக்களே எடுத்துக் கொடுத்திருந்தார். சட்டநாதன் கூடையை மீன் சட்டிக்குப் பக்கத்தில் இறக்கினார்.

“இவன் இன்னும் ரெண்டு வாய் சாப்பிடணும்யா. அப்புறம் தேய்க்கிறேன்,” என்றார் அம்மையார். அன்று சாயரட்சைப் பூசை நேரம் தவறித்தான் நடந்தது.

கோணவாலன் ஐப்பசி மழையில் இறந்தான். நோய் நீங்கவில்லை, அற்புதம் ஒன்றும் அவனுக்கு நடக்கவில்லை. கருவறையில் மீன் மணக்கத் தெரிந்த சுவாமிக்கு ஒரு பூனையின் ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தெரியாதா என்று காசாம்பு கோபமாகக் கேட்டாள். நமக்கும் அதே கேள்விதான், இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

அம்மையார் விளக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “அவருக்கும் முடியலையோ என்னமோ. ஆனா தனியா விடல. கூட வந்து உட்கார்ந்திருந்தாரு.”

சுவாமியால் இயலாமல் போனதையும் பொறுத்துக்கொண்ட அஞ்சலாட்சி அம்மையாரின் மீன் மணக்கும் கைகளை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.